ஆறு புள்ளி, ஒரு விரல்நுனி: லூயி பிரெய்லின் வாழ்க்கையும் உங்கள் போனில் இருக்கும் பெயரில்லாத பட்டனும்

காயல்பட்டினத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் ஹாங்காங்கில் வேலை பார்க்கிறான். வாப்பாவுக்குக் கண்பார்வை கிடையாது. ஆனால் கையில் ஸ்மார்ட்போன் இருக்கிறது. திரையில் விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறதோ அதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வசதியும் ஆன் செய்யப்பட்டிருக்கிறது. மளிகைக் கடைக்கு 500 ரூபாய் அனுப்ப வேண்டும். ஆப்பைத் திறந்து விரலை நகர்த்துகிறார். போன் பேசுகிறது: பட்டன். பட்டன். பெயரிடப்படாத பட்டன். படம். மறுபடி பட்டன்.

இதில் எது பணத்தை அனுப்பும், எது முந்தைய பக்கத்துக்குப் போகும்? கண் தெரிந்தவருக்கு அம்புக்குறியும் வீட்டுப் படமும் பார்த்தவுடனே புரிந்துவிடும். போனுக்குப் புரியாது. அந்தப் பட்டனுக்குப் பெயர் என்ன என்று ஆப்பை எழுதியவர் போனிடம் சொல்லவே இல்லை. கடைசியில் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, போனைக் கையில் கொடுத்து, ரகசிய பின் நம்பரையும் சொல்ல வேண்டியதாகிறது. தன் பணத்தைத் தானே அனுப்ப முடியாமல் போவது ஒரு பக்கம். ரகசியமே ரகசியமாக இல்லாமல் போவது இன்னொரு பக்கம்.

இது போனோடு பிறந்த சிக்கல் இல்லை. கண்ணுக்கு வசதியாக இருப்பது விரலுக்கும் வசதியாக இருக்கும் என்று கண் தெரிந்தவர்கள் முடிவு செய்வது 200 ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது. அதை மாற்றிக் காட்டியவர் 15 வயதுப் பையன். அவர் பிறந்த ஜனவரி 4-ஐத்தான் 2019 முதல் உலக பிரெய்ல் தினமாக ஐ.நா. கடைப்பிடிக்கிறது.

பட்டறையில் ஒரு குத்தூசி

லூயி பிரெய்ல் 1809-ல் பிரான்ஸில், பாரிஸுக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கூவ்ரே என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா சிமோன் ரெனே, குதிரைகளுக்குச் சேணமும் கடிவாளமும் செய்கிற தோல் தொழிலாளி. நான்கு பிள்ளைகளில் லூயி கடைக்குட்டி.

மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் விளையாடிக்கொண்டிருந்தபோது, தோலைத் துளைக்கும் கருவி ஒரு கண்ணில் குத்திவிட்டது. காயம் சீழ் பிடித்தது. தொற்று இன்னொரு கண்ணுக்கும் பரவியது. ஆன்டிபயாட்டிக் மருந்துகள் வர இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருந்த காலம். ஐந்து வயதுக்குள் இரண்டு கண்களும் போய்விட்டன.

அந்தக் காலத்து ஏழை வீட்டில் பார்வையற்ற பிள்ளைக்கு இரண்டே வழிதான் இருந்தது: வீட்டு மூலை, இல்லாவிட்டால் தெருவில் பிச்சை. லூயி வீட்டார் இரண்டுக்கும் விடவில்லை. அப்பா கைத்தடி செய்து கொடுத்தார். மரப்பலகையில் ஆணி அடித்து, அதைத் தடவிப் பார்க்க வைத்து எழுத்து சொல்லிக் கொடுத்தார் என்றும் சொல்வார்கள். ஊர் பாதிரியாரும் வாத்தியாரும் கிராமப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார வைத்தார்கள். காதால் கேட்டே வகுப்பில் முன்னே வந்தான் பையன். ஆனால் மற்றவர்கள் புத்தகத்தைப் பிரித்துப் படிக்கும் நேரத்தில் அவன் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

1819-ல், 10 வயதில், பாரிஸில் இருந்த பார்வையற்ற சிறுவர்களுக்கான அரசு பள்ளியில் சேர்த்தார்கள். பழைய கட்டடம், ஈரம் சொட்டும் சுவர்கள். பின்னால் அவர் உயிரைக் குடித்த காசநோய்க்கு இந்த ஈரக் காற்றும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் சந்தேகப்படுகிறார்கள்.

பார்க்க அழகு, படிக்கப் பாடு

அந்தப் பள்ளியைத் தொடங்கியவர் வாலந்தீன் ஹாயி. பார்வையற்றவர்களும் படிக்கலாம் என்று நம்பிய ஆரம்பகால ஆசிரியர்களில் ஒருவர். அந்த மரியாதையை அவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். ஈரத் தாளை எழுத்து அச்சின் மேல் வைத்து அழுத்தி, அச்சில் இருக்கும் அதே எழுத்துகளைப் புடைத்து எழ வைத்தார். கண் தெரிந்தவர் பார்த்தால் உடனே படிக்கலாம். பார்வையற்ற பிள்ளைக்கோ ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் விரலால் சுற்றிச் சுற்றித் தடவ வேண்டும். வாக்கியம் முடிவதற்குள் தொடக்கம் மறந்துவிடும். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்பதால் புத்தகம் கனமாக இருக்கும், விலையும் அதிகம். லூயி சேர்ந்த காலத்தில் பள்ளியில் இருந்த அப்படிப்பட்ட புத்தகங்கள் மிகச் சிலதான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை வேறு. அந்த எழுத்தை ஒரு மாணவன் தன் கையால் எழுத முடியாது. வாசிக்க மட்டும்தான் உரிமை. தனக்கென ஒரு குறிப்பு, ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கடிதம், எதுவும் கிடையாது.

1821-ல் சார்ல் பார்பியே என்ற முன்னாள் பீரங்கிப்படை அதிகாரி தான் கண்டுபிடித்த புள்ளி எழுத்தைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். இருட்டில் விளக்கில்லாமல் படிக்கும் எழுத்து என்று அது பேர் பெற்றது. கோடு வளைவு எதுவும் இல்லை, வெறும் புள்ளிகள். விரலுக்குப் புள்ளி சட்டென்று பிடிபடும் என்பதைப் பிள்ளைகள் உடனே கண்டுகொண்டார்கள். சின்னச் சட்டமும் கூர்முனைக் கம்பியும் இருந்தால் தாங்களே குத்தி எழுதலாம்.

ஆனால் பார்பியேயின் கட்டத்தில் வரிசைக்கு 6 வீதம் 12 புள்ளிகள் இடம் பிடித்தன. விரல்நுனி ஒரே தொடுதலில் அத்தனையையும் பிடிக்காது. மேலும் கீழும் ஓட வேண்டும். அதோடு, அது ஒலியை மட்டும் குறித்தது. எழுத்துக்கூட்டல் இல்லை, நிறுத்தற்குறி இல்லை, எண் இல்லை, இசைக்குறிப்பும் இல்லை. பார்வையற்றவர்களுக்கு இவ்வளவு போதும் என்ற நினைப்பு அதற்குள் ஒளிந்திருந்தது.

லூயிக்கு அது போதவில்லை. பகலில் வகுப்பு, இரவிலும் விடுமுறையிலும் தாளும் கம்பியும். 1824-ல், 15 வயதில், விடை கிடைத்துவிட்டது: 12 வேண்டாம், 6 போதும். இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி. விரல்நுனி அசையாமல் மொத்தத்தையும் ஒரே தடவையில் பிடித்துவிடும். எந்தப் புள்ளி இருக்கிறது, எது இல்லை என்று மாற்றி மாற்றி வைத்தால் 63 வடிவங்கள் வரும். எழுத்து, எண், நிறுத்தற்குறி, இசை எல்லாம் அதற்குள் அடங்கும்.

விரல்நுனியின் அகலத்தை அளவுகோலாக எடுத்துக்கொண்டதுதான் இங்கே உண்மையான கண்டுபிடிப்பு. புள்ளி ஏற்கெனவே இருந்தது. ஆனால் எத்தனை புள்ளி என்பதைத் தொட்டுப் படிக்கிறவர் மட்டும்தான் சொல்ல முடியும். ஹாயியாலும் பார்பியேயாலும் சொல்ல முடியாமல் போனது அதனால்தான்.

1829-ல் இந்த முறையை விளக்கிப் புத்தகம் வெளியிட்டார். 1837-ல் திருத்திய பதிப்பு வந்தது. தனக்கு வழி காட்டியவர் பார்பியே என்பதை அவர் மறைக்கவில்லை. புத்தகத்திலேயே நன்றி சொல்லியிருக்கிறார். எழுதும் கருவியும் பார்க்கத் தெரிந்த பொருள்தான். நம்ம ஊர் ஓலைச்சுவடி எழுத்தாணி மாதிரி, அப்பாவின் பட்டறைக் குத்தூசி மாதிரி ஒரு கூர்முனை. தாளின் பின்பக்கத்தில் வலமிருந்து இடமாகக் குத்தி, திருப்பிப் போட்டு இடமிருந்து வலமாகத் தடவிப் படிக்க வேண்டும்.

தடை போட்ட பள்ளிக்கூடம்

படித்த பள்ளியிலேயே லூயி ஆசிரியரானார். வரலாறு, வடிவக்கணிதம், இயற்கணிதம் சொல்லிக் கொடுத்தார். செல்லோ வாசிப்பார். பாரிஸ் தேவாலயங்களில் ஆர்கன் வாசித்துச் சம்பாதித்தார். கஷ்டப்படும் மாணவர்களுக்குக் கடன் கொடுப்பார். சாகும் முன் அந்தக் கடன் சீட்டுகளை எல்லாம் எரித்துவிடச் சொன்னார் என்று ஒரு செய்தி உண்டு.

1840-ல் பள்ளிக்குப் புது இயக்குநர் வந்தார். துஃபோ என்று பெயர். ஆறு புள்ளி எழுத்தை அவர் தடை செய்தார். அவர் தரப்பு வாதம் இப்போது கேட்டாலும் நியாயம் போலத்தான் தெரியும்: பார்வையற்றவர்களுக்குத் தனி எழுத்து வந்தால் அவர்கள் சமூகத்திலிருந்து தனித்துப் போய்விடுவார்கள், எல்லோரும் படிக்கிற எழுத்தையே அவர்களும் படிக்கட்டும். நடைமுறையில், கண் தெரிந்த ஆசிரியர்கள் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளத் தேவையில்லை என்பதுதான் அதன் பலன்.

பிள்ளைகள் கேட்கவில்லை. பின்னல் ஊசி, ஆணி, முள்கரண்டி என்று கிடைத்ததை வைத்து ரகசியமாகப் புள்ளி குத்தினார்கள். மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுத்தான். தடுக்க முடியவில்லை. இயக்குநரின் துணைவராக இருந்த குவாதே என்பவர்தான் நிலைமையைப் புரிந்துகொண்டு எடுத்துச் சொன்னார். பள்ளி புதுக் கட்டடத்துக்கு மாறியது. 1844-ல் நடந்த திறப்பு விழாவில், கூட்டத்தின் முன்னால், ஆறு புள்ளி முறையைச் செய்து காட்டினார்கள்.

இதற்கிடையில் பிரெய்ல் இன்னொரு காரியமும் செய்திருந்தார். இது அதிகம் பேருக்குத் தெரியாது. தான் எழுதுவதை வீட்டில் இருக்கும் அம்மாவும் படிக்க வேண்டுமே? அதற்காக 1839-ல், வழக்கமான எழுத்துகளின் வடிவத்தையே புள்ளிகளால் அமைக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதே பள்ளியில் படித்த பார்வையற்ற நண்பர் ஃபூக்கோ அதற்கு ஓர் இயந்திரம் செய்தார். புள்ளிகளால் எழுத்தை உண்டாக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்ட்டரின் பாட்டன் என்றே சொல்லலாம். தனி எழுத்து மனிதர்களைப் பிரித்துவிடும் என்று துஃபோ பயந்தார். அந்தத் தனி எழுத்தைக் கண்டுபிடித்தவரோ இரண்டு பக்கத்துக்கும் பாலம் போட்டுக்கொண்டிருந்தார்.

காசநோய் முற்றி, 1852 ஜனவரி 6-ல் பிரெய்ல் இறந்தார். 43 வயது முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அவருடைய எழுத்தைப் பிரான்ஸ் அதிகாரபூர்வமாக ஏற்றது 1854-ல். அவர் அதைப் பார்க்கவில்லை.

பாளையங்கோட்டைக்கு வந்த புள்ளிகள்

திருச்செந்தூர் ரயிலில் காயல்பட்டினத்தில் ஏறினால், ஆறுமுகநேரி, நாசரேத், ஸ்ரீவைகுண்டம் தாண்டி, திருநெல்வேலிக்கு முந்தைய நிறுத்தம் பாளையங்கோட்டை. அங்கே 1890-ல் ஆஸ்க்வித் என்ற ஆங்கிலேய மிஷனரி அம்மையார் பார்வையற்றோருக்கான பள்ளியைத் தொடங்கினார். இந்தியாவில் இந்த வகையில் முதலாவது 1887-ல் அமிர்தசரஸில் வந்தது. அப்படிப் பார்த்தால் தாமிரபரணிக் கரைக்கு மூன்றே ஆண்டில் வந்துவிட்டது.

ஆனால் ஒரு சிக்கல். இந்தியாவில் ஒவ்வொரு பள்ளியும், ஒவ்வொரு மிஷனும் தனக்குத் தோன்றியபடி ஒரு பிரெய்லை அமைத்துக்கொண்டன. ஒரு பள்ளியில் படித்த பிள்ளைக்கு வேறு முறையில் அச்சான புத்தகம் வெறும் மேடு பள்ளம்தான். இதைத் தீர்க்க இந்திய அரசு யுனெஸ்கோவின் உதவியைக் கேட்டது. அங்கே பணியை ஒருங்கிணைத்தவர் க்ளூதா மெக்கன்சி, முதல் உலகப் போரில் கல்லிபோலியில் பார்வையிழந்த நியூசிலாந்துக்காரர். 1951-ல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெய்ல் வந்தது. ஒலி ஒன்றென்றால் புள்ளியும் ஒன்று. தமிழ் க-வுக்கும் இந்தி க-வுக்கும் ஒரே புள்ளிகள். ஆங்கிலத்தின் கே-க்கும் அதுவே.

தமிழுக்கு 247 எழுத்து இருக்கிறதே, 63 வடிவத்தில் எப்படி அடங்கும்? 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம். அடிப்படை எழுத்து 31-தான். உயிர்மெய்க்கு இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் வேலை முடிந்தது. இதில் ஒரு அழகு இருக்கிறது. அச்சில் கொ என்று எழுத, முதலில் ஒற்றைக்கொம்பு, அப்புறம் க, அதன் பின் கால் என்று ஒலியைச் சுற்றி வளைத்து எழுதுகிறோம். பிரெய்லில் க, அடுத்து ஒ. வாய் சொல்கிற வரிசையிலேயே விரலும் படிக்கும்.

மொழி ஒன்று, எழுத்து வேறு என்பது காயல்பட்டினத்துக்குப் புதிதும் இல்லை. தமிழை அரபு எழுத்தில் எழுதிப் படித்த அரபுத் தமிழ் மரபு அந்த ஊருக்கும் கீழக்கரைக்கும் உண்டு. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு, இருக்கிற எழுத்துகளோடு கூடுதலாகப் புள்ளி சேர்த்து வழி கண்டார்கள். எழுத்து மாறியதால் தமிழ் குறைந்துபோகவில்லை. துஃபோவுக்கு இதை யாராவது காட்டியிருக்கலாம்.

1952-ல், பிரெய்ல் இறந்து நூறாண்டு ஆனபோது, பிரான்ஸ் அவர் உடலைக் கூவ்ரேயிலிருந்து எடுத்துத் தேசத்தின் பெரியவர்கள் உறங்கும் பாந்தியோனில் வைத்தது. சொந்த ஊர்க்காரர்கள் முழுசாக விட்டுக்கொடுக்கவில்லை. கைகளை மட்டும் ஊரிலேயே வைத்துக்கொண்டார்கள். இன்றும் அவை கூவ்ரே கல்லறையில்தான் இருக்கின்றன.

கண்ணாடித் திரையில் என்ன நடக்கிறது?

பட்டன் போனில் ஐந்தாம் எண்ணின் மேல் சின்ன மேடு இருக்கும். தடவியே நம்பர் போடலாம். தொடுதிரை வந்ததும் மேடும் போனது, பட்டனும் போனது, எல்லாம் வழவழப்பு. 2009-ல்தான் இது மாறத் தொடங்கியது. ஐபோனில் வாய்ஸ்ஓவர் வந்தது. அதே ஆண்டு ஆண்ட்ராய்டில் டாக்பேக். ஆண்ட்ராய்டு வசதிக்குக் கூகுளில் அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் டி.வி.ராமன், புனேயில் பிறந்து 14 வயதில் பார்வையிழந்த கணினி விஞ்ஞானி. கணினிக்கான இலவச வாசிப்பு மென்பொருளான என்விடிஏ-வை 2006-ல் தொடங்கியவரும், அவரோடு சேர்ந்து வளர்த்தவரும் பார்வையற்ற ஆஸ்திரேலியர்கள். மறுபடியும் பயன்படுத்துகிறவர் கையிலிருந்தே வந்திருக்கிறது.

ஆறு புள்ளியும் போனுக்குள் வந்துவிட்டது. 2014-ல் ஐபோனிலும் 2020-ல் டாக்பேக்கிலும் பிரெய்ல் கீபோர்டு சேர்ந்தது. திரை வெளிப்பக்கம் பார்க்கும்படி போனைப் படுக்கைவசமாகப் பிடித்து, கைக்கு மூன்று விரலாகத் தட்டினால் எழுத்து விழும்.

ஆனால் வாசிக்கும் வசதி எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஆப்பில் எழுதியிருப்பதைத்தான் அதனால் வாசிக்க முடியும். பட்டனை உருவாக்கும்போது அதன் வேலை என்ன என்று ஒரு வரி எழுத இடம் இருக்கிறது; ஆண்ட்ராய்டிலும் உண்டு, ஐபோனிலும் உண்டு. திரையில் அந்த வரி தெரியாது, டிசைன் கெடாது. பலர் அதைக் காலியாக விடுகிறார்கள். தவறான கட்டத்தைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டுவது, போன் வாசித்து முடிப்பதற்குள் ஓடிபி நேரம் காலாவதியாவது, படத்தில் இருக்கும் கோணல் எழுத்தைப் படித்து நிரப்பச் சொல்வது எல்லாம் இதே ரகம். தமிழுக்குத் தனியாக ஒரு தலைவலியும் இருக்கிறது. யூனிகோடு இல்லாத பழைய எழுத்துருவில் அடித்த பிடிஎஃப்பைப் போன் வாசித்தால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் காதில் விழும். அறிவிப்பை ஸ்கேன் செய்து படமாகப் போட்டால் அதுவும் விழாது.

சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, மின்னணுச் சேவைகள் எல்லோரும் பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. இருந்தும், வங்கிக் கணக்குக்கான டிஜிட்டல் கேஒய்சி-யில் கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொன்னார்கள். கண்ணே இல்லாதவர் எதைச் சிமிட்டுவது? அமிலவீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற வழக்கறிஞர் ஒருவரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2025 ஏப்ரல் 30-ல் தீர்ப்பு வந்தது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது, வாழும் உரிமையைத் தரும் அரசமைப்புச் சட்டப் பிரிவு 21-ன் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. உயிருள்ள ஆள்தான் என்பதை உறுதி செய்யக் கண் சிமிட்டுவதைத் தவிர வேறு வழிகளும் இருக்க வேண்டும் என்பது உள்பட 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது.

ஆப் எழுதும் வேலையில் இருப்பவர்கள் இன்றைக்கே ஒன்று செய்து பார்க்கலாம். போன் செட்டிங்ஸில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குப் போய் டாக்பேக்கையோ வாய்ஸ்ஓவரையோ ஆன் செய்யுங்கள். ஒரு விரலால் தடவினால் வாசிக்கும்; இரண்டு முறை தட்டினால் திறக்கும். திரையைத் துணியால் மூடிக்கொண்டு, நீங்களே எழுதிய ஆப்பில் ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். முதலில் எப்படி ஆஃப் செய்வது என்று மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.